ஒரு ‘ஆனால்’ செய்த வேலை

ஹைஃபாவில் சுகமாய் வாழும் திர்சா அக்காவுக்கு, ஜெருசலேமிலிருந்து தம்பி ஹிலேல் வணக்கத்தோடு எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

என் மகள் யிஸ்காவின் கல்யாணம் நின்றுபோக இருந்தது, அக்கா. காரணம் உன் தம்பிதான். போன வெள்ளி மாலை சபாத் ஓய்வுநாள் விருந்துக்கு மாப்பிள்ளை ஓவத்தும் அவன் அம்மா நயீமாவும் வந்தார்கள். அந்த அம்மாள் வாசலில் பேச ஆரம்பித்தவர், சூப் வரும்வரை மூச்சுவிடவில்லை. ஓவத்தோ உப்பு வேண்டுமென்றாலும் கையைத்தான் காட்டுவான். இரண்டு வார்த்தை பேசுங்கள் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. வேத வாத்தியார் ஓய்வு பெற்றால் வாயும் ஓய்வு பெறுமா, எழுந்துவிட்டேன். நம் வேதத்தில் ஒரு வரியை இரண்டாய் மடித்து ஒரு பாதியில் ஞானியையும் மறு பாதியில் மூடனையும் வைப்பார்கள், எதிரும் புதிருமாய் நின்றால்தான் இரண்டும் துலங்கும் என்று விளக்கிக்கொண்டே போனவன், உதாரணம் தேடி, “இதோ நம்ம ஓவத், அளந்து பேசுறவர். ஆனால் அவங்க அம்மா...” என்று சொல்லி நின்றேன். மேலே போகவும் வழியில்லை, திரும்பவும் வழியில்லை.

“ஆனாலா? என்ன ஆனால்? முடிங்க சம்பந்தி!” என்றார் நயீமா. நான் தண்ணீர் குடித்தேன். அவர் மகனைக் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அதன்பின் அங்கே தொலைபேசியை எடுக்க ஆளில்லை. யிஸ்கா என் முகத்தைப் பார்க்காமல் அழுதாள். “போய் மன்னிப்புக் கேளுங்க. அங்கயும் வியாக்கியானம் பண்ணிட்டு வராதீங்க,” என்று என் மனைவி ஸிவியா என் தொப்பியை எடுத்துக் கொடுத்தாள்.

கதவைத் திறந்த நயீமா ஒரு வார்த்தை பேசவில்லை. “தப்பா பேசிட்டேம்மா,” என்றேன்.

கதவைப் பிடித்தபடியே சொன்னார்: “அவங்கப்பா போன பிறகு இவன் வாயே திறக்கல. பள்ளிக்கூடத்துல ஊமைன்னு நினைச்சாங்க. நானும் பேசாம இருந்தா வீடு என்னாகும்? அவனுக்கும் சேர்த்து நானே பேசினேன். அப்படியே பழகிடுச்சு.”

அக்கா, வேத வரியின் அந்த இரு பாதிகளை இணைக்கும் ‘வாவ்’ என்ற ஒற்றை எபிரேய எழுத்துக்கு ‘ஆனால்’ என்றும் பொருள், ‘உம்’ என்றும் பொருள், உனக்குத் தெரியாததா? வகுப்பில் ‘ஆனால்’ என்றே சொல்லிப் பழகியவனுக்கு அந்த வாசலில்தான், ஓவத்தும் அவன் அம்மாவும் என்று படிக்க வந்தது. கண் நிறைந்துவிட்டது.

“இப்ப எதுக்கு மரம் மாதிரி நிக்கிறீங்க? உள்ள வாங்க, காப்பி போடுறேன்,” என்றார். பிறகு பேசினார் பார், நான் வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிட்டது. அத்தனையும் கேட்க இனித்தது. கல்யாணம் உறுதி, இரு வீடும் ஒரு வீடு.

நூற்றிருபது வயதுவரை நீ நோயின்றி இருக்க வேண்டுகிறேன்.

உன் தம்பி,
ஹிலேல்

பி.கு.: ‘இரு வீடும் ஒரு வீடு’ என்று மேலே எழுதியதை நம்பாதே. கல்யாண மீனுக்கு எங்கள் வீட்டு வழக்கப்படி சர்க்கரையா, அவர்கள் வீட்டு வழக்கப்படி மிளகாயா என்று ஸிவியாவும் நயீமாவும் சமையலறையில் கரண்டியோடு நிற்கிறார்கள். தீர்ப்புச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். ஓவத் என் கையைப் பிடித்து உட்காரவைத்து, முதல்முறையாக வாய் திறந்தான்: “மாமா, வேணாம்.” தீர்ப்புச் சொல்ல நீ நாளைக்கே புறப்பட்டு வா.