தகரனுக்குத் தொண்டை கட்டிய கதை

இனி வாயையே திறப்பதில்லை என்று முடிவெடுத்தேன். கல்யாணமான ஆண்கள் எல்லாரும் என்றாவது எடுக்கிற முடிவுதான். நான் எடுத்தது வயிற்றுப்பாட்டுக்காக.

என் பிழைப்பே என் குரல்தான். ஒரு பொம்மைக் கம்பெனியின் கார்ட்டூன் தொடர், என் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் மற்ற ரோபோக்கள் கண்மூடித் திறப்பதற்குள் விமானமாகும், பீரங்கியாகும். தகரன் மட்டும் பழுதான வண்டிகளை இழுத்துப்போகும் லாரியாவான். சண்டையில் கடைசி வரிசையில் நின்று, "வழி விடுங்க, வழி விடுங்க!" என்பான். ஒருத்தரும் விடமாட்டார்கள். அந்தத் தகரனின் குரல் நான்.

ஒரு நாள் ஸ்டூடியோ மாடிப்படியில் டைரக்டர் என்னை நிறுத்திச் சொன்னார்.

"அண்ணே, தகரன் பொம்மை கடையில நகரவே மாட்டேங்குதாம். அடுத்த வாரக் கதையில அவனை உலையில போட்டு உருக்கிடறாங்க. நீங்க வந்து நல்லா ஒரு அலறல் கொடுத்துட்டீங்கன்னா வேலை முடிஞ்சுது."

"அப்புறம் எனக்கு?"

"டீ சாப்பிடறீங்களா?" என்றார்.

பஸ்ஸில் அழுதேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். வேறு வேலை எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் இந்த வயதில் எவன் கொடுப்பான்? ஆனால் இறங்குவதற்குள் மூளை விழித்துக்கொண்டது. அலறாமல் தகரன் எப்படிச் சாவான்? தொண்டை கட்டிவிட்டது என்று நான் வீட்டில் உட்கார்ந்துவிட்டால், அவன் உயிரோடு இருந்துதானே ஆக வேண்டும்!

வீட்டுக்குப் போனதும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சைகை காட்டினேன். என் மனைவி பல் ஆஸ்பத்திரியில் உதவியாளர். பயந்து எழுந்து ஓடுகிறவர்களைத் திரும்ப நாற்காலியில் உட்காரவைப்பது அவள் வேலை. அவள் ஒரு அதட்டல் போட்டால் பாதிப் பேருக்கு ஊசி போடாமலே மரத்துப்போகும். டார்ச் அடித்து என் வாய்க்குள் பார்த்தாள்.

"தொண்டை பச்சப்புள்ளைக்கு இருக்கற மாதிரி இருக்கு. பேச முடியலையா?"

முடியவில்லை என்று தலையாட்டினேன்.

"ஒரு வார்த்தைகூட?"

அதற்கும் ஆட்டினேன்.

"சரி. எங்கண்ணன் குடும்பத்தோட வந்து கொஞ்ச நாள் தங்கறேங்கறாரு. வேண்டாம்னா இப்பவே வாயைத் திறந்து சொல்லிடுங்க."

தகரன் உயிர் முக்கியம். பல்லைக் கடித்துக்கொண்டேன். மறுநாளே மச்சான் முன்னறையைப் பிடித்துக்கொண்டார். என் கட்டிலையும் சேர்த்து.

ஸ்டூடியோவிலிருந்து தினம் போன் வந்தது. எனக்குப் பதிலாக அவள்தான் பேசினாள்.

"அவருக்கு முடியலைன்னா முடியலைதான்! யாராவது செத்தே ஆகணும்னா நீங்க செத்துக்குங்க! வைங்க போனை!"

எனக்குப் புல்லரித்தது. எனக்காகப் பரிந்துபேச இப்படி ஒருத்தி! அதற்கப்புறம் வந்த போனில் டைரக்டர்தான் நிறையப் பேசினார். அவள் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டாள். அவள் கேட்டுக்கொள்கிறாளே என்று அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"என்னங்க, கதையில புதுசா ஒரு வில்லி வர்றாளாம். இரும்பு ராணி. அவளுக்கும் தகரனுக்கும் பெரிய சீனாம். முழுசா ஒரு பக்கம் வசனமாம். நீங்க வரலைன்னா வேற ஆளைப் போட்டுக்கறாங்களாம்."

"ஒரு பக்கமா! எத்தனை மணிக்கு?" என்று கத்தினேன்.

"பரவாயில்லையே, தொண்டை திறந்துடுச்சே" என்றாள்.

கதையை மாற்றிவிட்டார்கள்! தகரன் பிழைத்துவிட்டான்! இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அவளும் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தாள். துணைக்கு என்றாள்.

கண்ணாடி அறையில் இரண்டு மைக் இருந்தன. ஒன்றின் முன்னால் நான் நின்றேன். மற்றதன் முன்னால் அவள் போய் நின்று ஹெட்போனை மாட்டினாள்.

"ஏய், அங்க ஏன் நிக்கறே?"

பதில் டைரக்டரிடமிருந்து வந்தது. "போன்ல திட்டு வாங்கினப்பவே முடிவு பண்ணிட்டேன் அண்ணே. ராணின்னா இந்தக் குரல்தான். இவ்வளவு நாளா வீட்டுக்குள்ளயே வச்சிருந்தீங்களே!"

அவள் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள். "தகரன் போறதுன்னு முடிவாயிடுச்சுங்க. நீங்க பேசினாலும் போவான், பேசாட்டியும் போவான். வீட்ல ஒருத்தராவது இந்தத் தொடர்ல நிக்க வேண்டாமா?"

அவள் முகத்தில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

திரையில் தகரன் சங்கிலியில் தொங்கினான். கீழே உலை எரிந்தது. என் வசனத்தைப் படித்தேன். "ராணி, இத்தனை வருஷமா உழைச்சிருக்கேன். ஒரு மூலையில நின்னுக்கறேனே." சிரிப்புக்காக எழுதியிருந்தார்கள். எனக்குக் குரல் உடைந்தது.

"உருக்குங்க இவனை" என்றாள் என் மனைவி.

அலறினேன். தகரன் முழுகி, உலை மூடி, அடுத்த காட்சி வந்த பிறகும் என்னால் நிறுத்த முடியவில்லை. டைரக்டர்தான் மைக்கை அணைத்தார்.

"ஒரே டேக்!" என்று கைதட்டினார்.

பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றோம். அவள் அடுத்த வார வசனத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று நிமிர்ந்தாள்.

"என்னங்க, உங்களை உருக்கின இரும்புல எனக்குக் கால் வைக்க ஒரு ஸ்டூல் செய்யறாங்க."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அதுக்கு வசனம் உண்டா?"

"கேட்டுட்டேன். கிடையாதாம்."