டாஸ் கவிழ்த்த சம்பந்தம்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கு நான், உங்கள் தங்கை, மகள் மூவரும் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. உங்கள் நலத்தை, கோபம் தணிந்த பிறகு விசாரிக்கிறேன்.

என் தட்டச்சு நிலையத்துக்கு நீங்கள் வாங்கித் தந்த கம்ப்யூட்டரைப் போட்டால், கறுப்புத் திரையில் ஓர் ‘ஏ’, பக்கத்தில் மினுக் மினுக்கென்று ஒரு கோடு. “என்ன வேணுமாம் இதுக்கு?” என்றேன். “உங்க கட்டளைக்குக் காத்திருக்குப்பா. இதுதான் டாஸ், மெஷினை ஓட்டுற புரோகிராம்” என்றாள் மகள். இந்த வீட்டில் என் கட்டளைக்கும் ஒன்று காத்திருக்கிறதே என்று பூரித்துப்போனேன். ஆனால் ஒரு புள்ளி தவறினாலும், உங்கள் தங்கை மாதிரியே முகத்திலடித்தாற்போல் ‘தவறான கட்டளை’ என்கிறது. அதோடு மல்லுக்கட்டித்தான் மழைக்காலம் முழுக்க ஒரு தட்டச்சுப் பாடப்புத்தகம் அடித்து முடித்தேன்.

அப்போதுதான் நீங்கள் சொல்லியனுப்பிய கம்ப்யூட்டர் மாப்பிள்ளை, அம்மாவோடு பெண் பார்க்க வந்தார். மகளுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு நேரே மெஷின் முன்னால் போய் நின்றார்.

“டாஸா? நான் பழகினது இதே வேலை செய்யற சி.பி.எம்.ங்கிற புரோகிராம் சார். அதுதான் மூத்தது. அதைப் பார்த்துப் பண்ணினதுதான் இது.”

“மூத்ததா இருந்தா போதுமா? அதைவிட இது விலை குறைச்சல். எல்லாரும் இதுக்குத்தானே வந்துட்டாங்க?” என்றாள் மகள்.

டீ ஆறியது. “இவங்க பேசறாங்களா, சண்டை போடறாங்களா?” என்று அவர் அம்மா உங்கள் தங்கையின் காதைக் கடித்தார்.

என் வாயாவது சும்மா இருந்ததா? “தம்பி, இந்தப் புத்தகத்தை அந்த பிளாப்பித் தட்டுல ஒரு நகல் எடுத்துக் குடுங்க” என்றேன். அந்த பிளாப்பியில் அதே பெயரில், ஆரம்பத்தில் அடித்த இரண்டு பக்கம் இருந்தது. அவர் பழகியதில், நகல் போய்ச் சேரும் இடத்தை முதலில் சொல்ல வேண்டுமாம்; டாஸில் எடுக்கிற இடத்தை. பழைய பழக்கத்தில் அவர் தட்ட, அந்த இரண்டு பக்கம் வந்து என் புத்தகத்தின் மேல் ஏறி உட்கார்ந்து அதை அழித்துவிட்டது. நிஜமாகவா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை மச்சான் அந்த மெஷின்! நகல் எடுத்தாகிவிட்டது என்று பெருமையாக வேறு சொல்கிறது.

“தப்பு என்னோடது சார்” என்றார், வியர்த்துப்போய். ‘போயிட்டு வாங்க’ என்றுகூட நான் சொல்லவில்லை. “போங்க” என்றேன். அன்றிலிருந்து உங்கள் தங்கையும் மகளும் என்னோடு பேசுவதில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கிறேன், எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. ஆகவே சம்பந்தம் வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். மெஷினையும் வந்து தூக்கிக்கொண்டு போங்கள்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உங்களுக்கு எது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

இப்படிக்கு,
நிம்மதி போன உங்கள் மைத்துனன்

பி.கு.: தபாலில் போடக் கிளம்பினால், முன்னறையில் அந்தத் தம்பி! என் புத்தகத்தின் கையெழுத்துப் பிரதியை மகள் வாசிக்க, மெஷினில் அடித்துக்கொண்டிருக்கிறார். “நான்தான்பா வரச் சொன்னேன்” என்கிறாள். கம்ப்யூட்டர் படித்தவர், இரண்டே விரலால் குத்துகிறார் மச்சான்! தட்டச்சு வாத்தியார் வீட்டில் இதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? பக்கத்தில் உட்கார்ந்து முதல் பாடம் ஆரம்பித்துவிட்டேன். இவர் பத்து விரலுக்கு வர ரொம்ப நாளாகும். அதற்குக் காத்திருக்காமல் கல்யாணத்துக்குத் தேதி குறித்துவிடுங்கள்.