காத்து படாம கொண்டுபோன கரித்தூள்

நேத்து எனக்கு ஒரே ஒரு வேலைதான். கவரைப்பேட்டையில ரயில் ஏறி, அரை கிலோ கரித்தூளைச் சென்னையில ஒரு பேட்டரி லேப்ல கொடுக்கணும். அவ்வளவுதான்!

கும்மிடிப்பூண்டி பக்கத்துல எங்க கம்பெனி தேங்காய் ஓட்டைச் சுட்டு ஹார்டு கார்பன் பண்ணுது. பேருதான் பெருசு, பாக்க அடுப்புக்கரி மாதிரிதான் இருக்கும். லித்தியத்துக்குப் பதிலா, உப்புல இருக்குற சோடியத்தை வெச்சு ஓடுற புது பேட்டரிக்கு இது வேணும்.

முதலாளி டப்பாவைக் கையில கொடுத்தாரு.

"இது பாஸ் ஆனாதான் நமக்கு ஆர்டரு. காத்து படக்கூடாது, ஈரம் படக்கூடாது. பேட்டரித் தகட்டுல பூசினா ஒட்டுமான்னுதான் அவங்க கேக்குறாங்க. பத்திரம்பா."

"என்கிட்ட உட்டுட்டீங்கல்ல சார், கவலையே படாதீங்க!"

முதல் தடவையா என்னை நம்பி அனுப்புறாரு. அந்தப் பெருமையில வெள்ளைச் சட்டை வேற போட்டுக்கிட்டேன். கரித்தூளுக்கு வெள்ளைச் சட்டை! நம்ம அறிவு அப்படி.

ரயில்ல எதிர் சீட்டுல ஒரு பூக்காரம்மா.

"இன்னா நைனா, கொயந்த மாரி கட்டிப் புட்ச்சினு கீற?"

"சாமான்"னு சொல்லிட்டு சும்மா இருந்திருக்கலாம். வீட்ல என் வேலையைப் பத்தி ஒருத்தரும் கேட்டதில்ல. கேக்க ஆள் கிடைச்சதும் வாய் நிக்கல.

"பேட்டரிக்கும்மா! சார்ஜ் போட்டா சோடியம் ஓடியாந்து இந்தத் தூளுக்குள்ள கீற சின்னச் சின்ன சந்துல குந்திக்கும். சார்ஜ் எறங்குனா எய்ந்து பூடும்."

"எங்க ஊட்டுக்காரன் மாரி"ன்னாங்க. பெட்டியே சிரிச்சுது.

ஜன்னலோரம் இருந்த பெரியவர் மட்டும் சிரிக்கல.

"கருப்புத் தூளு, பேட்டரின்றான். வெடிமருந்தா இன்னா? போலீஸாண்ட சொல்லட்டா?"

எனக்கு ரோஷம் வந்துருச்சு. "நீங்களே பாருங்க!"ன்னு மூடியைத் திறந்தேன்.

அதே நேரம் பக்கத்து லைன்ல ஒரு எக்ஸ்பிரஸ் போச்சு.

ஜன்னல் வழியா அடிச்ச காத்துல டப்பா பாதி காலி! பெரியவருக்கு நரைச்ச மீசையிலயும் தலையிலயும் இருபது வயசு குறைஞ்சிருச்சு.

"ஐயே, பறக்குதே!"ன்னு பூக்காரம்மா, நல்ல மனசோட, பூவுக்குத் தெளிக்கிற தண்ணியை அள்ளி டப்பாவுக்குள்ளயே தெளிச்சாங்க.

"அம்மா, வேணாம்!"

"அடங்கட்டும் நைனா. பாரு, இப்ப பறக்கல."

பறக்கல. குழம்பாயிருச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு.

பொன்னேரியில இறங்கி முதலாளிக்கு போன் போட்டேன்.

"சார்... கொஞ்சம் காத்து பட்டுச்சு."

"எவ்ளோ?"

"ஈரமும் பட்டுச்சு சார்."

முதலாளி மெதுவா சொன்னாரு.

"கெளம்பி வா. வேற டப்பா நானே எட்த்துக்கினு போறேன். நீ நாளைக்கு தேங்கா ஓட்டுல நாரு சொரண்டு, போதும்."

இன்னிக்கு நாரு சுரண்டுறதுக்கு நடுவுலதான் இதை எழுதுறேன். சட்டையை மூணு தடவை துவைச்சாச்சு, இன்னும் கருப்புதான்.

தகட்டுல ஒட்டுமான்னு கேட்டாங்கல்ல? ஒட்டும் சார், நான் கேரண்டி.