மூன்று லினக்ஸ், ஒரு கல்யாண வீடு

தாங்கள் பராமரிக்கப் போகாத கம்ப்யூட்டர் சர்வருக்கு யோசனை சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வருடங்கள் ஆகியும் அந்த ஆத்திரம் அடங்கவில்லை. அடங்கவும் வேண்டாம்.

சென்னை வேலையை உதறிவிட்டு, காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு மாடி அறையில் பிறருடைய இணையதளங்களை ஏற்றி நடத்தும் வெப் ஹோஸ்டிங் தொழில் தொடங்கியிருந்தேன். மாமனார் வீட்டில் என் மரியாதை ஊசலாடிக்கொண்டிருந்த நேரம். அப்போது வலையபட்டியில் இருக்கும் அவர்களுடைய பெரிய வீட்டைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட முடிவு செய்தார்கள். பதிவெல்லாம் இணையத்தில்தான். அந்த வேலை எனக்கு வந்தது. ஒழுங்காகச் செய்தால்தான் மாப்பிள்ளை உருப்படியானவன் என்ற பெயர் நிற்கும்.

வீட்டுக்கு மூன்று பங்காளிகள். மாமனார், அவருடைய அண்ணன், தம்பி. ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு பூட்டு. ஒரு ஓடு மாற்றுவதென்றாலும் மூவரும் சம்மதிக்க வேண்டும். அவர்கள் கூடியிருந்தபோது போய், "சர்வரை இயக்கும் மென்பொருள் லினக்ஸ். அதில் பல வகை உண்டு. சர்வருக்குப் பழசானாலும் நிலையாக நிற்பது, பல வருடம் பாதுகாப்புத் திருத்தம் கிடைப்பதுதான் சரி. டெபியன் என்ற வகையைப் போடுகிறேன்" என்று விளக்கினேன். (யாராவது கேட்டாகளா? பேசாமப் போட்டுட்டுப் போயிருக்கலாம்ல?)

"பழசா?" பெரியவர் முகம் சுளித்தார். "எம் மகன் சிங்கப்பூர்ல இருக்கான். அவன்ட்டக் கேக்காம எதையும் போட்றாதீக."

அந்த மகன் போனிலேயே, ஓயாமல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் ஒரு புத்தம்புது லினக்ஸைச் சொன்னான். சின்னவரின் மகன் பெங்களூரிலிருந்து வேறொன்றைச் சொன்னான். இரண்டு பேரும் ஒரு சர்வரையும் கட்டி மேய்த்தவர்கள் இல்லை.

மாமனார் என்னைத் தனியே அழைத்தார். "மாப்ளே, ஒருத்தர் சொன்னதைப் போட்டா இன்னொருத்தர் கோவிச்சுக்குவாக. ஆளுக்கொண்ணு போட்டுருங்களேன். நம்ம ரூம் மாதிரி."

முதுகெலும்புள்ளவன் மறுத்திருப்பான். நான் "சரிங்க மாமா" என்றேன்.

மூன்று சர்வரில் மூன்று லினக்ஸ் போட்டு, எந்தச் சர்வரில் பதிவு விழுந்தாலும் மற்ற இரண்டுக்கும் போய்ச் சேரும்படி அமைத்திருந்தேன். ஒரு நாள் சிங்கப்பூர்க்காரனின் லினக்ஸ், பதிவுகளைச் சேமிக்கும் டேட்டாபேஸைத் தானாகப் புதுப்பித்துக்கொண்டு, மற்ற இரண்டோடும் பேச்சை நிறுத்திக்கொண்டது. (பங்காளிப் புத்தி அதுக்கும் வந்துருச்சு.) எச்சரிக்கை மின்னஞ்சல் வந்திருந்தது. மூன்று லினக்ஸும் மாறி மாறி நச்சரித்ததில் நான் எதையும் திறந்து பார்ப்பதில்லை.

ஆவணி முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாலை மாமனார் போன் செய்தார். குரலே சரியில்லை.

"மாப்ளே, முன்வாசல்ல ஒரு பொண்ணு வீட்டுக்காரக வந்து எறங்கியிருக்காக. பின்வாசல்ல இன்னொரு பொண்ணு வீட்டுக்காரக நிக்கிறாக. ரெண்டு பேரும் நம்மட்டத்தான் பதிஞ்சிருக்காக."

ஓடினேன். ஒரு சமையலறைக்கு இரண்டு சமையல் கோஷ்டி அடித்துக்கொண்டிருந்தது. முன்கட்டில் ஒரு கல்யாணம், இரண்டாம் கட்டில் ஒரு கல்யாணம் என்று ஒருவழியாகப் பேசி முடிப்பதற்குள், இரண்டு பெண்களின் அப்பாக்களும் சேர்ந்து என்னைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். சிங்கப்பூர்க்காரன் போனில் வந்து, "மூணுலயும் நான் சொன்னதையே போட்டிருக்கணும்" என்றான். பக்கத்தில் இருந்திருந்தால் அறைந்திருப்பேன்.

கல்யாணங்கள் முடிந்த மறுநாள் பங்காளிகள் கூடினார்கள். தலைவாசல் கதவுக்கு எந்த வார்னிஷ் அடிப்பது என்று பல வருடமாக முடிவெடுக்க முடியாதவர்கள், ஒரு காபி ஆறுவதற்குள் என்னை ஏகமனதாக நீக்கினார்கள், மாமனார் உட்பட.

இன்றும் அந்த வீட்டில் பங்காளிகள் முறைத்துக்கொண்டால், என் மனைவி சிரிக்காமல் சொல்வாள்: "எங்க வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க பெரியப்பா. அவுக வந்து ஒரு யோசனை சொன்னாப் போதும், நீங்க மூணு பேரும் ஒடனே ஒண்ணாயிருவீக."