லாட்டரிக்காரனுக்கு மெமோ கொடுத்த தப்பால் சார்

ஈமெயிலைப் பிரிண்ட் எடுத்து, உள்வரவு எண் போட்டு, ரப்பர் ஸ்டாம்ப் குத்தி ஃபைலில் கோத்து வைத்த உலகின் முதல் மனிதர் குன்னூருக்குக் கீழே ஒரு டீ எஸ்டேட்டில்தான் இருந்தார். மறுப்பவர்கள் யாராக இருந்தாலும் சண்டைக்குத் தயாராகவே இருக்கிறேன்.

எஸ்டேட்டில் தபாலைத் தப்பால் என்பார்கள். வருகிற தப்பாலும் போகிற தப்பாலும் அவர் மேஜையைத் தாண்ட வேண்டும் என்பதால் அவர் தப்பால் சார். சொந்தப் பெயர் ஏதோ இருந்திருக்கும், யாரும் கேட்டதில்லை.

நான் கோயமுத்தூரிலிருந்து கம்ப்யூட்டர் ஆபரேட்டராகப் போய்ச் சேர்ந்த சமயம், டீ விலை படுத்துக் கிடந்தது. ஏலத்துக்குப் போன டீ கேட்பாரில்லாமல் நின்றது. பேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. வெளிநாட்டு வியாபாரிகளை நேரடியாகப் பிடித்துவிடலாம் என்று மேனேஜர், எஸ்டேட் வழக்கில் தொரை, ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு ஈமெயில் முகவரியும் வைத்தார். வியாபாரிகளைத் தவிர மற்ற எல்லாரும் வந்தார்கள்.

லாட்டரியில் கோடி விழுந்திருக்கிறது என்று ஒருவன். பத்தே நாளில் இளைக்கலாம் என்று ஒருவன். எங்கேயோ செத்துப்போன ஒரு தளபதியின் மனைவி, பெட்டி நிறையத் தங்கத்தை எங்கள் எஸ்டேட்டிடம் ஒப்படைக்கத் துடித்தாள்.

"இதெல்லாம் குப்பைங்க சார். இதை அமுக்கினா அனுப்பறவனை பிளாக் பண்ணிடலாம். அப்புறம் அவன் மெயில் நேரா குப்பைத்தொட்டிக்குப் போயிரும்" என்று பெருமையாகக் காட்டினேன்.

தப்பால் சார் பதறிவிட்டார். "ஏனம்மிணி, விசாரிக்காம ஒருத்தரை எப்படி நிறுத்தறது? இலை பறிக்கற ஆளை நிறுத்தோணும்னாக்கூட மெமோ குடுக்கோணும், விளக்கம் வாங்கோணும். அப்புறந்தான் நடவடிக்கை. யூனியன்ல சும்மா விடுவாங்களா?"

"லாட்டரிக்காரனுக்கு ஏதுங்க சார் யூனியன்?"

"இல்லாட்டிப் போகுது. ரூல்ஸ் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் அடித்தேன். தாங்கள் யார் என்ற விவரம் தராமல் எமது அலுவலகத்துக்குப் பரிசு அறிவித்துள்ளீர்கள். தங்களை ஏன் பிளாக் செய்யக் கூடாது என்று மூன்று நாட்களுக்குள் விளக்கம் தரவும். லாட்டரிக்காரன் உடனே வாழ்த்துச் சொல்லி, பேங்க் விவரம் கேட்டுப் பதில் போட்டான். "கேட்ட கேள்விக்குப் பதிலில்லை. விளக்கம் திருப்தியில்லை" என்று ஒரு நீள நோட்டில் எழுதி, பிளாக் செய்பவர் என்ற கட்டத்தில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்ட பிறகுதான் அமுக்கவே விட்டார். தளபதியின் மனைவிக்கு மட்டும் துக்கம் விசாரித்து ஒரு வரி சேர்த்து, ஏழு நாள் அவகாசம் கொடுத்தார்.

பதில் போட்டால், இங்கே ஆள் இருக்கிறது என்று குப்பை அனுப்புகிறவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். பத்து மெயில் வந்த இடத்தில் நூறு வர ஆரம்பித்தது. அவர் அசரவில்லை. "ஒருத்தனுக்கு மெமோ குடுத்தா லயன் வீட்டு ஆளுங்க அத்தனை பேரும் திரண்டு ஆபீசுக்கு வருவாங்க. பாத்ததில்லீங்களா?" என்றார்.

இதற்கிடையில் தொரை எங்களைக் கூப்பிட்டு, மாசக் கடைசிக்குள் ஆர்டர் வராவிட்டால் பேக்டரியை மூடிவிட்டு இலையைப் பக்கத்து பேக்டரிக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார். பேக்டரி ஆட்கள் அத்தனை பேருக்கும் வேலை போகும். கம்ப்யூட்டருக்கும் வேலை இருக்காது, எனக்கும் இருக்காது.

அந்த வாரம் ஸ்ரீமதுரை என்கிற ஊரில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம் என்று தப்பால் சார் இரண்டு நாள் லீவில் போனார். எனக்கோ விடுதலை. மெமோ இல்லை, நோட்டு இல்லை, பெட்டியில் இருந்த அத்தனை பேரையும் ஒரே மூச்சில் பிளாக் செய்துவிட்டு நிம்மதியாக டீ குடித்தேன்.

திரும்பி வந்தவர் வழக்கம்போல் கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியைப் படிக்க உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். "அம்மிணி, இவரை விசாரிச்சீங்களா?"

எல்லாம் பெரிய எழுத்தில், எழுத்துப் பிழையோடு, 'அன்பு நண்பரே' என்று தொடங்கிய மெயில். இரண்டு கண்டெய்னர் டீ வேண்டுமாம். அதற்குக் கீழே அதே ஆளின் இன்னொன்று: பதில் இல்லாவிட்டால் வேறு எஸ்டேட் பார்த்துக்கொள்கிறேன். அவர் திட்டவில்லை. "நோட்டுல ஏறலியே" என்று மட்டும் சொன்னார்.

பிளாக்கை எடுத்தேன். "மன்னிப்புக் கேட்டு எழுதிரலாங்க சார்."

"அவரு யாருன்னு நமக்குத் தெரியாதே. மெமோ அடிங்க."

அடித்தேன். அந்த மூன்று நாளும் மெயில் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் விளக்கம் வந்தது: கடையின் வரலாறு, அப்பா காலத்து வியாபாரம், பேங்க் கடிதம் எல்லாமாக மூன்று பக்கம். பல எஸ்டேட்டுகளுக்கு எழுதினாராம். ஒருவரும் மதித்து, நீ யார் என்று கேட்கவில்லையாம். தப்பால் சார் நிறுத்தி நிதானமாகப் படித்து, "விளக்கம் திருப்தி" என்று எழுதினார். சாம்பிள் போனது. ஆர்டர் வந்தது. அந்த மழைக்காலம் முழுக்க பேக்டரி வாரத்தில் ஆறு நாள் ஓடியது.

தொரைக்கு மட்டும் மனசு ஆறவில்லை. இவ்வளவு பெரிய ஆர்டரை முதலில் குப்பையில் போட்டது யார், எழுதிக் கொடுங்கள் என்று தப்பால் சாரிடம் கேட்டார். என் கதை முடிந்தது என்று டிபன் பாக்ஸைக்கூடக் கழுவிப் பைக்குள் வைத்துவிட்டேன். ஒரு நாள் போனது, ஒரு வாரம் போனது. யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, வேலையை விட்டு வரும்போது பழைய ஃபைல்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு மெமோ. அனுப்புநர் தப்பால் சார். பெறுநரும் தப்பால் சார். விசாரணையின்றி ஒரு வியாபாரியை பிளாக் செய்ததற்கு விளக்கம் தரவும். அடுத்த தாளில் விளக்கம்: வயதாகிவிட்டது, கை தவறிவிட்டது, இனி நடக்காது. அதன் கீழே, 'ஏற்கப்பட்டது. கண்டிக்கப்பட்டார்' என்று தொரையின் கையெழுத்து. அடுத்த தாள், பிளாக் நடந்த அதே தேதிக்கு அவர் கொடுத்திருந்த ஸ்ரீமதுரை லீவ் லெட்டர். ரூல்ஸ்படி அதையும் அவரே கோத்து வைத்திருந்தார், தொரையும் பார்த்திருப்பார்.

எனக்கும் சொந்தபந்தம் நிறைய உண்டு. எனக்காக எழுத்து மூலமாகத் திட்டு வாங்கிக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.