ஸ்டியரிங்குக்கு வேண்டாத பதக்கம்

பதக்கம் கொடு என்று அரசு அலுவலகத்துக்கு நடையாய் நடப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கொடுத்த பதக்கத்தைத் திருப்பி எடுத்துக்கொள் என்று நடந்தவர், எனக்குத் தெரிந்து, எங்கள் தெரு ஸ்டியரிங் ஒருவர்தான். அப்படிப்பட்ட ஆளை எங்கே உட்கார வைப்பது என்று விதிகளில் சொல்லப்படவில்லை. அதனால் நிற்க வைத்தார்கள்.

ஸ்டியரிங் என்பது பட்டாளம் வைத்த பெயர். அங்கே லாரி ஓட்டினார். அதே படைப்பிரிவில் முடி வெட்டியவர் கத்தரி. ஓய்வு பெற்ற பிறகு இரண்டு பேரும் எங்கள் தெருவுக்கே வந்து சேர்ந்தார்கள். கத்தரி தெருமுனையில் சலூன் வைத்தார், கடைக்கு மேலேயே வாடகைக்குக் குடியிருந்தார். காலையில் கடை திறக்கும் முன் ஸ்டியரிங் வீட்டு வாசலில் நின்று, "எழுந்தாச்சா, இல்ல போய்ச் சேர்ந்தாச்சா?" என்று குரல் கொடுப்பார்.

"உன்னை அனுப்பிட்டுத்தான்டா நான் போவேன்" என்று உள்ளேயிருந்து பதில் வரும். பிறகு இருவரும் டீ குடிப்பார்கள்.

இந்த உறவுக்கு ஒரு முன்கதை உண்டு. சண்டை நடந்த காலத்தில் ஒரு குண்டு விழுந்து லாரி பற்றி எரிந்தது. ஸ்டியரிங் உள்ளே மயங்கிக் கிடந்தார். கத்தரி கண்ணாடியை உடைத்து, அவரை வெளியே இழுத்து, தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். ஆனால் கண் விழித்த ஸ்டியரிங்கிடம் அன்று சொன்னதோடு சரி, அதைப் பற்றி அவர் வேறு யாரிடமும் பேசியதில்லை. சவரம் செய்துகொண்டே ஊர்க்கதை எல்லாம் பேசுகிற மனிதர், இதை மட்டும் பேசமாட்டார். ஸ்டியரிங்தான் கேட்பவரிடமெல்லாம் சொல்லுவார். நாங்களும் நூறு தடவை கேட்டுக் கொட்டாவி விட்டிருக்கிறோம்.

இப்படியே போயிருக்கும். ஆனால் நாட்டில் பலகை மோகம் பிடித்தது. பதக்கம் பெற்ற முன்னாள் வீரர் ஒவ்வொருவர் வாசலிலும் பித்தளைப் பலகை மாட்டுவது என்று மேலிடம் முடிவு செய்தது. பழைய பதிவேடுகளைத் தூசி தட்டி, எழுதி வைத்துவிட்டு உரியவருக்குச் சொல்லாமலே விட்ட பதக்கங்களையும் கண்டுபிடித்தார்கள். ஒரு நாள் எங்கள் தெருவில் வண்டி வந்து நின்றது. பளபளவென்று ஒரு பலகையை ஸ்டியரிங் வீட்டுச் சுவரில் அறைந்தார்கள். 'மாவீரர் இல்லம். எரியும் வாகனத்திலிருந்து சக பணியாளரான முடிதிருத்துநரை மீட்டமைக்காகப் பதக்கம் பெற்றவர்.'

தெருவே கை தட்டியது. ஸ்டியரிங்கின் மகள் பலகையோடு படம் எடுத்து, உறவுக்கெல்லாம் போனில் அனுப்பினாள். ஸ்டியரிங் கண்ணாடியைத் தேடிக் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டு பலகையைப் படித்து முடிப்பதற்குள், பின்னால் நின்ற கத்தரி படித்து முடித்துவிட்டார்.

"நல்லா இருக்குடா" என்றார் கத்தரி. அவ்வளவுதான். மறுநாள் காலையில் வாசலில் குரல் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஸ்டியரிங் சலூனுக்குப் போனால், "வரிசையில உட்காருங்க, மாவீரர் சார்" என்றார். ஸ்டியரிங் முடி வெட்டிக்கொள்ளாமலே திரும்பி வந்து, பையில் தண்ணீர் பாட்டிலைப் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பினார். எனக்கு வேறு வேலை இல்லாததால் துணைக்குப் போனேன்.

பணிப்பதிவு மற்றும் சிறப்புகள் திருத்தப் பிரிவின் அதிகாரி சாதுவான மனிதர். வந்தவரின் குறையை முழுக்கக் காதுகொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் முடியாது என்பார்.

"பெரியவரே, பதக்கம் விட்டுப்போச்சுன்னா சேர்க்கறதுக்கு வழி இருக்கு. இருக்கறதைக் கழிக்கறதுக்கு வழி இல்லையே."

"அது என்னுது இல்லைங்க சார். அவன்தான் என்னைத் தூக்கினான். ஆளை மாத்தி எழுதியிருக்காங்க."

அதிகாரி பழைய கோப்பைப் பிரித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "தப்பே இல்லையே! முதல் கட்டம் காப்பாத்தினவர். ரெண்டாவது கட்டம் காப்பாத்தப்பட்டவர். எந்தப் பட்டியலா இருந்தாலும் பதவியில மூத்தவர் பேர்தான் முதல்ல வரணும், அது விதி. நீங்க ஓட்டுநர், அவர் முடிதிருத்துநர். நீங்க ஒரு படி மேல. உங்க பேரு முதல்ல வந்திருக்கு."

"அப்படின்னா கீழ இருக்கறவன் மேல இருக்கறவனைக் காப்பாத்தவே முடியாதா?"

"காப்பாத்தலாமே, யாரு வேண்டாம்னா? பதிவு பண்ணத்தான் முடியாது."

ஸ்டியரிங் விடவில்லை. வாரம் தவறாமல் போனார். வாசல் காவலாளியே ஏதோ விசேஷப் பதக்கம் வாங்க வருகிறார் என்று நினைத்து சல்யூட் வைக்க ஆரம்பித்துவிட்டார். கடைசியில் அதிகாரி இறங்கி வந்து, "சரி, நீங்க வீரச்செயல் எதுவும் செய்யலைன்னு நேர்ல பார்த்த ஒருத்தர் வீரமின்மைச் சான்று கொடுக்கட்டும்" என்றார்.

"பார்த்தவன் கத்தரி ஒருத்தன்தான் சார்."

"அவர் சொல்றது செல்லாது. பதிவேட்டுப்படி அவர் மயங்கிக் கிடந்தவர். மயங்கினவர் எப்படிப் பார்த்திருப்பார்?"

"மயங்கிக் கிடந்தது நான்!"

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "மயங்கிக் கிடந்தீங்களா? அப்ப நீங்க அவரைக் காப்பாத்தலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்கே ஒரு நிமிடம், ஸ்டியரிங் மயக்கத்திலேயே எதையாவது சாதித்திருப்பாரோ என்று தோன்றிவிட்டது. படித்தவர்கள் பேச்சுக்கு அந்தச் சக்தி உண்டு.

முடிவில் குழு அமைத்தார்கள். குழு கூடிக் கூடிப் பேசி ஒரு வழி கண்டது. சம்பந்தப்பட்ட இருவரும் அலுவலக வளாகத்துக்கு வரவேண்டும். முதலாமவர் இரண்டாமவரைத் தூக்க முயல வேண்டும். தூக்க முடியாவிட்டால் அன்றும் தூக்கியிருக்க முடியாது என்று கொள்ளப்படும். இடையில் இருவருக்கும் தலை நரைத்துவிட்டதே என்று கேட்டதற்கு, வயது குறித்துக் குழுவின் வரம்பில் எதுவும் இல்லை என்றார்கள்.

அரசு அழைத்ததால் கத்தரி வந்தார். ஸ்டியரிங் முகத்தைப் பார்க்காமல் வெயிலில் நின்றார். அதிகாரிகள் நிழலில் உட்கார்ந்தார்கள்.

"முழு பலத்தோட தூக்கணும், பெரியவரே. வேணும்னே தோத்தா மோசடி."

ஸ்டியரிங் பொய் சொல்லத் தெரியாதவர். கத்தரியின் இடுப்பைச் சேர்த்துப் பிடித்து, பல்லைக் கடித்துத் தூக்கினார். கத்தரியின் செருப்புகூட மண்ணை விட்டு எழும்பவில்லை. ஸ்டியரிங்கின் முதுகில் 'மளுக்'கென்று ஒரு சத்தம் கேட்டது. மனிதர் சுருண்டு விழுந்தார். குழுத் தலைவர், 'தூக்கவில்லை' என்று குறித்துக்கொண்டார். தண்ணீர் கொண்டுவர யாரை அனுப்புவது என்று மற்றவர்கள் ஆலோசித்தார்கள்.

கத்தரி ஆலோசிக்கவில்லை. குனிந்தார், ஸ்டியரிங்கைத் தோளில் போட்டார், மூச்சிரைக்க வளாகத்தைக் கடந்து நிழலிலிருந்த பெஞ்சில் கிடத்தினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதில் வெட்கமில்லை.

"இதுக்குத்தான் இத்தனை நாள் இங்க அலைஞ்சியா?" என்றார் கத்தரி.

"நீ பேசலையேடா."

"நீயா எழுதிக் கொடுத்தேன்னு நெனச்சேன். மடையன் நான்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "அன்னிக்கே கனம்தான். இன்னிக்கு இன்னும் தின்னு கொழுத்திருக்க" என்றார். ஸ்டியரிங் வலியோடு சிரித்தார்.

குழுவின் ஆணை உரிய காலத்தில் வந்தது. முதலாமவர் தூக்காதது நிரூபணமானதால் அவர் பதக்கம் நீக்கப்படுகிறது. இரண்டாமவர் தூக்கியது நிகழ்ச்சி நிரலில் இல்லாததால் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை. மேலும், அனுமதியின்றி வளாகத்துக்குள் ஆள் சுமந்ததற்காக அவர் எச்சரிக்கப்படுகிறார். ஆயினும் வீரச்செயல் ஒன்று நடந்தது உறுதி. உரியவர் இல்லாமல் ஒரு பதக்கத்தை அநாதையாக விடுவது பதக்கத்துக்கே அவமதிப்பு. எனவே அது பிரிவு அதிகாரியின் பெயரில் பராமரிக்கப்படும்.

வண்டி வந்தது, பலகையைக் கழற்றிக்கொண்டு போனது. ஸ்டியரிங்குக்கும் கத்தரிக்கும் அதில் ஒரு வருத்தமும் இல்லை. காலையில் வாசலில் பழைய குரல் கேட்டது, டீ ஆவி பறந்தது. வருத்தமெல்லாம் தெருவுக்குத்தான். இருந்த ஒரே மாவீரரும் போய்விட்டாரே!

"ரெண்டு பேரும் தங்களுக்குள்ள பேசி முடிச்சிருக்கலாம்" என்றார் சலூன் கட்டிடத்தின் சொந்தக்காரர். "யார் தூக்கினா என்ன? தெருவுக்கு ஒரு மதிப்பு இருந்துச்சு."

பதக்கம் யார் பெயரில் இருக்கிறதோ, அவர் வாசலுக்குப் பலகை போகும். பிரிவு அதிகாரியோ வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருந்தார். கட்டிடச் சொந்தக்காரர் கத்தரியிடம் மிகுந்த மரியாதையோடு பேசி, மாடியைக் காலி செய்யச் சொன்னார். ஒரு மாவீரருக்காக இதுகூடச் செய்யக்கூடாதா என்று தெருவே எடுத்துச் சொன்னது. பாத்திரம் பண்டங்களை ஸ்டியரிங் வீட்டு முன்னறைக்கு மாற்ற நாங்கள் எல்லோரும் ஆளுக்கொரு கை கொடுத்தோம்.

அதிகாரி குடிவந்த மறு ஞாயிறு, சலூனுக்குச் சவரத்துக்கு இறங்கி வந்தார். கடை நிறையக் கூட்டம். அவர் எழுந்து நின்றவர்களை உட்காரச் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். கத்தரி நுரை பூசினார். பேச்சு பலகையைப் பற்றி வந்தது. அதிகாரி அடக்கமாகத்தான் ஆரம்பித்தார். ஆனால் ஒரு பொருளை நம் பெயரில் நாள்கணக்கில் பராமரித்தால் பாசம் வந்துவிடுமல்லவா?

கத்தரி கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார். "வண்டி எரியும்போது ரொம்பச் சூடா இருந்துச்சுங்களா சார்?"

அதிகாரி கண்ணை மூடி யோசித்தார்.

"கடமைன்னு வந்துட்டா சூடெல்லாம் தெரியாதுப்பா."

பெஞ்சில் காத்திருந்த நாங்கள் எல்லோரும், ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினோம்.