மகாராணிக்கு உடம்பு சரியில்லை

இந்த முறை மச்சான் வீட்டு ஏணியில் ஏறுவதில்லை என்று முடிவெடுத்தேன். சாதாரண முடிவு அல்ல. பல் தேய்க்கும்போது கண்ணாடியைப் பார்த்து, வாயில் நுரையோடு எடுத்த முடிவு.

நான் எலக்ட்ரீஷியன். ஊருக்கெல்லாம் கூலிக்கு வேலை செய்வேன். மச்சானுக்கு மட்டும் பாசத்துக்கு. மற்ற மாப்பிள்ளைகளுக்கு மச்சான் வீட்டில் நாற்காலி போடுவார்கள். எனக்கு ஏணி போடுவார்கள். இப்போது அவர் மாடியோடு புது வீடு கட்டி முடித்திருந்தார். சுவர் இருக்கிறது, கூரை இருக்கிறது, ஒயர் மட்டும் இல்லை. லீவு நாட்களில் குடும்பத்தோடு வந்து தங்கச் சொல்லியிருந்தார். அந்த லீவு முழுக்க சாய்வு நாற்காலியில் மதியத் தூக்கம் போடுவது என்று நான் வேறு திட்டம் வைத்திருந்தேன்.

என் மனைவியிடம் நேராகச் சொல்லும் தைரியம் எனக்கு உண்டு. அவள் வீட்டில் இல்லாத நேரத்தில் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

என்ன செய்வது என்று தெரியாமல் கொல்லைப் பக்கம் போனேன். அங்கே மகாராணி தூங்கிக்கொண்டிருந்தது.

மகாராணி என் மனைவியின் கோழி. குஞ்சாக இருந்தபோது தாய்க்கோழி கொத்தி விரட்டிவிட்டது. இவள்தான் அதைப் பஞ்சில் வைத்து, பல்பு வெளிச்சத்தில் சூடு காட்டிப் பிழைக்க வைத்தாள். பல்பு மாட்டியது நான். பெயர் கிடைத்தது அவளுக்கு. மற்ற கோழிகள் குப்பையைக் கிளறும் நேரத்தில் மகாராணி மட்டும் சுவரோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ளும். கொஞ்ச நாளாக அது அதிகமாகியிருந்தது. காலையில் ஒரு தூக்கம், மதியம் ஒரு தூக்கம், சாயங்காலம் கூண்டுக்குப் போகுமுன் ஒத்திகையாக இன்னொன்று.

"என்ன, மகாராணி இப்படித் தூங்குது?" என்றேன், சுவரிடம் சொல்வதுபோல.

துணி உலர்த்திக்கொண்டிருந்தவளின் கை நின்றது. "நீங்களும் பாத்தீங்களா? நான்தான் வீணா பயப்படுறேனோன்னு நினைச்சேன்."

"பகல்ல தூங்கற கோழி நல்ல கோழி இல்ல. சீக்கா இருக்கும்."

"பகல்ல தூங்கற மனுஷன்?"

"அது களைப்பு."

அவள் சிரிக்கவில்லை. நேராகப் பக்கத்து வீட்டுக் கம்பவுண்டரைக் கூட்டி வந்தாள். கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாட்டையும் மனிதனையும் ஒரே குரலில் அதட்டுவார். மகாராணியைத் தூக்கினார், கொண்டையைப் பார்த்தார், இறக்கையை விரித்துப் பார்த்தார். இவர் 'நல்லா இருக்கு' என்று சொல்லிவிட்டால் எனக்கு ஏணி.

"கொண்டை சிவப்பா இருக்கு. எச்சம் எப்படி?"

"எப்பவும் போலத்தான்."

"அடைக்கு உக்காருதா?"

"இல்லையே. இந்தச் சுவரோரம்தான்."

"தூங்கற கோழியெல்லாம் சீக்குக் கோழி இல்லம்மா. கோழி பகல்லயும் கண் அசரும். காலைல கூண்டத் திறந்து தீனியக் காட்டு. ஓடி வந்தா வெறும் தூக்கம். வராம ஒதுங்கி நின்னா என்னைக் கூப்பிடு."

மறுநாள் அவள் எழுவதற்கு முன்னால் நான் எழுந்தேன். கல்யாணமானதிலிருந்து அது முதல் தடவை. அரிசி டப்பாவிலிருந்து நொய்யை எடுத்துக்கொண்டு போய்க் கூண்டுக்குள் கைவிட்டு மகாராணிக்கு மட்டும் ஊட்டினேன். போதும் என்று முகத்தைத் திருப்பியது. நான் விடவில்லை. விருந்தாளிக்குச் சோறு வைப்பதுபோல இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வைத்தேன். பிறகு படுக்கையில் வந்து விழுந்து குறட்டை விட்டேன். அது நடிப்புக் குறட்டை என்பதால் கொஞ்சம் சுருதி சுத்தமாகவே இருந்தது.

விடிந்ததும் அவள் கூண்டைத் திறந்தாள். தட்டைத் தட்டினாள். மற்ற கோழிகள் விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தன. மகாராணி வாசலில் நின்றது. ஒரு அடி வைத்தது. இன்னொரு அடி. தட்டைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. காட்டிக் கொடுத்துவிடுமோ என்று பயந்தேன். அது மெதுவாகத் திரும்பிச் சுவரோரம் போய்க் கண்ணை மூடிக்கொண்டது.

"வரலைங்க," என்றாள். குரல் உடைந்திருந்தது. எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஏணியை நினைத்து மனதைக் கல்லாக்கிக்கொண்டேன்.

அவள் மகாராணியை மடியில் வைத்து, கழுத்துக்குக் கீழே தீனி தங்குகிற பையைத் தடவினாள். தடவிய கை அங்கேயே நின்றது. என்னைப் பார்த்தாள். நான் துணிக்கொடியைப் பார்த்தேன்.

"பாவங்க," என்றாள். "இத இப்படி விட்டுட்டு எப்படிப் போறது? அண்ணனுக்குப் போன் பண்ணிடறேன்."

"நீ போயிட்டு வா. நான் இருந்து பாத்துக்கறேன்."

"நீங்க இல்லாம எங்கண்ணன் வீட்டுல ஏது வெளிச்சம்? கோழி தேறட்டும், சேந்தே போவோம்."

வெற்றி. வெற்றியைக் கொண்டாட அன்று மதியம் சாய்வு நாற்காலியைக் கொல்லையில் போட்டேன். போட்டது நான், போடச் சொன்னது அவள்.

"நல்லா சாஞ்சுக்குங்க. கண்ண மட்டும் மூடிடாதீங்க. அது எப்ப தூங்குது, எப்ப எந்திரிக்குது, கண்ணு முழுசா மூடுதா அரையா மூடுதா, எல்லாம் பாத்துச் சொல்லணும்."

"நீ?"

"எனக்கு உள்ள வேலை இருக்கு."

சமையலறை ஜன்னல் கொல்லையைப் பார்த்து இருக்கிறது. கட்டும்போது அந்த ஜன்னலை அங்கே வைக்கச் சொன்னதும் நான்தான். எதிரே மகாராணி சுகமாகத் தூங்கியது. தூங்குகிற ஜீவனைப் பார்த்துக்கொண்டு விழித்திருப்பதைப் போன்ற கொடுமை வேறு இல்லை. என் இமை இரண்டும் ஒன்றையொன்று தேடின.

"தூங்கியாச்சா?" என்று ஜன்னல் கேட்டது.

துள்ளி எழுந்தேன். "இல்ல, இல்ல, முழிச்சுதான் இருக்கேன்."

"கோழியக் கேட்டேன்."

அடுத்த நாளும் இதே கதை. கோழி தூங்கியது, நான் காவல் காத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவன் நிலைமை. மதிய வெயில் ஏறியபோது எப்படியோ ஜன்னலுக்குத் தெரியாமல் ஒரு கண் மூடிவிட்டேன்.

திறந்தபோது மகாராணி உட்கார்ந்திருக்கவில்லை. மண்ணில் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. ஒரு இறக்கை விரிந்து கிடக்க, கால் விறைத்து நீண்டிருக்க, கழுத்து தரையோடு தரையாக இருந்தது.

நொய்யைத் திணித்துத் திணித்துக் கொன்றுவிட்டேன். உள்ளங்கைப் பஞ்சில் வைத்து அவள் வளர்த்த உயிர். ஏணிக்குப் பயந்து இப்படியும் ஒருவன் செய்வானா? அவளைக் கூப்பிட்டால் என்னவென்று சொல்வது? கூப்பிடாமல் எத்தனை நேரம் நிற்பது? திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் நின்றேன். நிஜமாகவே அழுகை வந்தது. குனிந்து, விரலால் அதன் முதுகைத் தொட்டேன்.

மகாராணி அலறிக்கொண்டு எழுந்து, இறக்கையில் இருந்த மண்ணை முழுக்க என் முகத்தில் உதறியது.

மதில் மேல் கம்பவுண்டரின் தலை தெரிந்தது. "வெயில் காயற கோழிய ஏன் தம்பி தொந்தரவு பண்றீங்க? கவலையில்லாத கோழிதான் இப்படிக் கால நீட்டிப் படுக்கும்."

நான் உள்ளே ஓடினேன். "மகாராணிக்கு ஒண்ணும் இல்ல. கம்பவுண்டரே சொல்லிட்டார்."

அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "பகல்ல தூங்கற கோழி நல்ல கோழி இல்லன்னீங்களே?"

"கோழி பகல்லயும் கண் அசரும்."

"தீனிக்கு வரலையே அன்னைக்கு?"

"பசிச்சிருக்காது."

"ஏன் பசிக்கல?"

இந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை.

"எனக்கென்னவோ சந்தேகமாத்தான் இருக்கு," என்றாள். "இன்னும் பத்து நாள் பாப்போமே. நீங்களும் நாற்காலில உக்காந்து பழகிட்டீங்க."

"பத்து நாளா? மச்சான் பாவம், இருட்டுல உக்காந்திருப்பார். நாளைக்கே போயிடலாம்."

"அங்க வேலை அதிகம். உங்களுக்குத்தான் கஷ்டம்."

"எத்தனை வேலைன்னாலும் செய்யறேன்."

"அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது."

"நானாதானே கேக்கறேன். கொஞ்சம் மனசு வையேன்."

ரொம்ப நேரம் யோசித்தாள். பிறகு, எனக்காக விட்டுக்கொடுப்பவள்போல், சரி என்றாள். எனக்கு அவள்மேல் நன்றியே வந்துவிட்டது.

மறுநாள் பஸ் ஸ்டாப்பில் டெஸ்டரும் கட்டிங் பிளையரும் போட்ட பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றேன். கோழிகளைக் கம்பவுண்டர் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

"அவர்கிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்," என்றாள் அவள், பஸ் வரும் திசையைப் பார்த்தபடி. "காலைல ஒரு தரம் தீனி போட்டாப் போதும், விடியறதுக்கு முன்னாடி தனியா நொய் வேணாம்னு."

என் காதில் சரியாகத்தான் விழுந்தது. "உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே. காலைல காலியா இருக்கவேண்டிய பை பந்து மாதிரி இருந்துச்சு. டப்பாவுல நொய் பாதி இல்ல."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு வருவீங்க. இப்பப் பாருங்க, ஆசையா வரீங்க."

அவள் போனைக் காதில் வைத்தாள்.

"அண்ணே, கிளம்பிட்டோம். ஆமாண்ணே, அவரேதான் கெஞ்சிக் கூட்டிட்டு வரார். கீழ் வீட்டோட போதும்னு சொல்லிடாதீங்க, மாடியையும் குடுக்கலைன்னா மனசு கஷ்டப்படுவார்."